5.5-ல் நின்றுபோன ரைட்டிங்: கிருஷ்ணகிரி செவிலியர் ஒருவரின் ஐஇஎல்டிஎஸ் தயாரிப்பு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் ரைட்டிங்கில் 9-க்கு 5.5. இடையில் ஐந்து மாதப் படிப்பு, ஒரு கோச்சிங் சென்டர், கடினமான ஆங்கில வார்த்தைகளை அர்த்தத்தோடு எழுதி நிரப்பிய நீள நோட்டு ஒன்று. மூன்றாவது முறைக்குப் பணம் கட்டும் முன் இவர் கேட்டது ஒரே கேள்விதான்: “எனக்கு இங்கிலீஷ் வரலையா சார், இல்ல எக்ஸாம் வரலையா?” பயிற்சி கொடுத்த நாங்கள் இவருடைய மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) விடைத்தாள்களைக் கேள்வி கேள்வியாகப் பிரித்துப் பார்த்தபோது கிடைத்த பதில் இரண்டிலும் சேராதது. மார்க் போன இடங்களில் பெரும்பாலானவை தமிழில் பேசிப் பழகியதாலும் வார்டில் வேலை பார்த்துப் பழகியதாலும் வந்த சின்னச் சின்ன வழக்கங்கள். அந்த நோட்டில் அவற்றில் ஒன்றுக்குக்கூட மருந்து இல்லை.

ஆளும் தேவையும்

ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, அப்புறம் பி.எஸ்சி. நர்சிங். ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் நான்கு வருட அனுபவம். வயது 27. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெறுவது நோக்கம்.

அந்தப் பதிவைத் தரும் பிரிட்டன் செவிலியர் கவுன்சிலான என்எம்சி, ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 கேட்கிறது, ரைட்டிங்கில் 6.5. ஒரே தடவையில் அமையாவிட்டால் இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணைச் சேர்த்துக் காட்டலாம். இரண்டும் 12 மாதத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும், இரண்டிலும் நான்கு பகுதிகளையும் எழுதியிருக்க வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: சேர்க்கும் தாள் எதிலும் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் 6.5-க்குக் கீழேயும் ரைட்டிங் 6-க்குக் கீழேயும் போகக் கூடாது. இவர் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

முதல் முயற்சி: லிசனிங் 6.5, ரீடிங் 6, ரைட்டிங் 5.5, ஸ்பீக்கிங் 6. மொத்தம் 6.
இரண்டாவது: லிசனிங் 7, ரீடிங் 6.5, ரைட்டிங் 5.5, ஸ்பீக்கிங் 6.5. மொத்தம் 6.5.

இரண்டாவதன் சராசரி 6.375. அரைக்கு அருகில் இருப்பதால் 6.5 என்று போடுவார்கள். வீட்டில் எல்லோரும் அந்த 6.5-ஐப் பார்த்து “இன்னும் அரைதான்” என்றார்கள். மொத்த மதிப்பெண்ணால் இவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ரைட்டிங் 5.5 இருப்பதால் அந்தத் தாளில் வாங்கிய லிசனிங் 7-ஐக்கூட இன்னொரு தாளோடு சேர்க்க வழியில்லை. தாளே வீண். ஆகவே மூன்றாவது முயற்சிக்கு முதல் இலக்கு 7 இல்லை, எந்தப் பகுதியும் தரைமட்டத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது. இரண்டு தாளில் பாஸாவது என்ற கணக்கோடு இறங்கினால் பதற்றமும் பாதியாகும்.

ரைட்டிங் மறுமதிப்பீட்டுக்கும் இவர் விண்ணப்பித்திருந்தார். முடிவு தேதியிலிருந்து ஆறு வாரத்துக்குள் கேட்கலாம். மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் திரும்பி வரும். மாறவில்லை. நான்கு பகுதிகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்து, அதற்கு முந்தைய மாக் டெஸ்டுகளில் அப்படி இல்லாதிருந்தால் மறுமதிப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு. இரண்டு முறையும் அதே 5.5 என்றால் மதிப்பிட்டவர் மேல் பழி போட இடமில்லை.

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்கு மாறலாமா என்ற பேச்சும் வந்தது. அதுவும் என்எம்சிக்குச் செல்லும். மூன்று பகுதிகளில் 350, ரைட்டிங்கில் 300 போதும். எழுதவேண்டியது 180 முதல் 200 சொல்லில் ஒரு பரிந்துரைக் கடிதம், கேஸ் நோட்ஸை அவர்களே தருவார்கள். ஸ்பீக்கிங் நோயாளியோடு பேசும் இரண்டு ரோல் பிளே. வார்டில் நாலு வருஷம் நின்றவருக்கு அது இயல்பாகவே வரும். தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் ஓஇடி என்றுதான் சொல்லியிருப்போம். ஆனால் கட்டணம் கணிசமாக அதிகம். இவருடைய லிசனிங்கும் ரீடிங்கும் இலக்கை நெருங்கியும் விட்டன. அதனால் ஐஇஎல்டிஎஸ்ஸே தொடரட்டும் என்று முடிவானது.

முதல் வாரம் பாடமே இல்லை

முழு மாக் டெஸ்ட், கடிகாரம் வைத்து. பிறகு ஒவ்வொரு தவறான விடைக்குப் பக்கத்திலும் அது ஏன் தவறு என்று ஒரு சொல். முதல் லிசனிங் தாளில் 40-க்கு 29 வந்தது. பேண்ட் (9-க்கான மதிப்பெண்) 7-க்குச் சுமார் 30 வேண்டும், 8-க்குச் சுமார் 35. தவறிய 11-ஐப் பிரித்தால் இப்படி: பன்மை ‘எஸ்’ விட்டது 4, எண் குழப்பம் 2, எழுத்துப்பிழை 1, சொல் வரம்பு மீறியது 1. காதில் உண்மையிலேயே விழாமல் போனவை 3 மட்டுமே.

அதாவது, சரியாகக் கேட்டுவிட்டுத் தவறாக எழுதியவை எட்டு. இவரோ அதுவரை தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார், காது பழகட்டும் என்று. அதுவும் கிருஷ்ணகிரி–ஓசூர் பஸ்ஸில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. காது ஏற்கெனவே பழகித்தான் இருந்தது.

பன்மை விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழில் எண் சொன்ன பிறகு ‘கள்’ தேவையில்லை. “மூணு மாத்திரை”, “பத்து மாம்பழம்”, “ரெண்டு பெட் காலி” என்போம். மூணு மாத்திரைகள் என்று வார்டில் சொன்னால் சிரிப்பார்கள். எண்ணே பன்மையைச் சொல்லிவிடுவதால் சொல்லின் கடைசியில் வரும் ஒலியைத் தமிழ்க் காது சட்டை செய்வதில்லை. ஆங்கிலத்தில் ‘த்ரீ டேப்லெட்ஸ்’ என்று ஒலிப்பதிவு சொன்னாலும் கை ‘டேப்லெட்’ என்றே எழுதும். லிசனிங்கில் அந்த ஒரு எழுத்து போனால் விடை முழுவதும் தவறு, அரை மார்க் கிடையாது.

இதற்கு இலக்கணப் பாடம் நடத்திப் பயனில்லை. விதி இவருக்குத் தெரியும். செய்யவைத்தது வேறு. ஒலிப்பதிவு தொடங்கும் முன் கேள்வியைப் படிக்கக் கிடைக்கும் அரை நிமிடத்தில் ஒவ்வொரு காலி இடத்துக்கும் மேலே ஒரு குறி போட வேண்டும்: எண் வருமா, பெயர் வருமா, பன்மையா. காலி இடத்துக்கு முன்னால் ‘ஏ’ அல்லது ‘ஆன்’ இருந்தால் ஒருமை. ‘ஆர்’, ‘மெனி’, ‘சம்’ போன்றவை இருந்தால் பெரும்பாலும் பன்மை. எதுவுமே இல்லாமல் எண்ணக்கூடிய பொருள் வந்தால் பன்மைதான். மூன்று வாரத்தில் பன்மைத் தவறு தாளுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது.

எண் குழப்பம் ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ ஜோடியில். இங்கே அழுத்தம்தான் அடையாளம்: முதலாவதில் பின்பகுதி நீண்டு அழுத்தமாக வரும், இரண்டாவதில் முன்பகுதி. தமிழில் அழுத்தத்தால் பொருள் மாறுவதில்லை என்பதால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது ‘ஈ’, ‘ஐ’, ‘ஏ’ மூன்றும், ‘ஜி’, ‘ஜே’ இரண்டும் இடம் மாறும். தினம் பத்து பெயர், பத்து போன் நம்பர், யாராவது வேகமாகப் படிக்க இவர் எழுதுவது என்று வைத்துக்கொண்டதில் இது சரியானது. ஹாஸ்டல் அறைத் தோழியே படித்தார், செலவில்லை.

சொல் வரம்பு என்பது வெறும் கவனக்குறைவு. ‘இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்’ என்றால் மூன்று சொல் எழுதினால் தவறு, விடை சரியாக இருந்தாலும்.

ரீடிங்: மூன்றாவது பத்தியில் செத்த நேரம்

60 நிமிடம், மூன்று பத்தி, 40 கேள்வி. விடையை மாற்றி எழுதத் தனி நேரம் கிடையாது. இவர் முதல் பத்திக்கு 25 நிமிடம் எடுத்தார். ஒவ்வொரு வரியும் புரிந்தால்தான் அடுத்ததற்குப் போவேன் என்பது மருந்துச் சீட்டு படிக்கும் பழக்கம். ஐசியூவில் அது உயிரைக் காக்கும். இங்கே மூன்றாவது பத்தியைக் கொன்றது. கடைசிக்கு 12 நிமிடமே மிஞ்சியது. அந்தப் பத்திதான் மூன்றிலும் கடினமானது. 17, 20, 23 என்று நேரத்தைப் பிரித்துக் கொடுத்ததும் நான்கைந்து விடைகள் கூடின. புதிதாக ஒரு வார்த்தைகூடக் கற்றுத்தரவில்லை.

அடுத்தது ‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’. இதில் ஃபால்ஸுக்கும் நாட் கிவனுக்கும் இடையில் தடுமாறாதவர் குறைவு. தமிழிலேயே ஒரு பயிற்சி வைத்தோம். பத்தி இதுதான்: “தர்மபுரி மாவட்டம் 1965-ல் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004-ல் தர்மபுரியைப் பிரித்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் உருவானது.” முதல் கூற்று: ‘கிருஷ்ணகிரி மாவட்டம் சேலத்திலிருந்து நேரடியாகப் பிரிக்கப்பட்டது.’ பத்தி இதை மறுக்கிறது, ஆகவே ஃபால்ஸ். இரண்டாவது: ‘கிருஷ்ணகிரி பிரிந்ததால் தர்மபுரி மாவட்டத்தின் பரப்பு குறைந்தது.’ இவர் ட்ரூ என்றார். பிரித்தால் குறையத்தானே செய்யும், சரிதான். மூன்றாவது: ‘பிரிப்பை மக்கள் வரவேற்றார்கள்.’ இதற்கும் ட்ரூ என்றார். பத்தியில் மக்களைப் பற்றிப் பேச்சே இல்லை. தனக்குத் தெரிந்ததை வைத்து விடை சொன்னார். “அது எங்க எழுதியிருக்கு, விரல் வைச்சுக் காட்டுங்க சிஸ்டர்” என்றதும் விரல் அந்தரத்தில் நின்றது. அந்த விரல் வைக்கும் வழக்கமே பிறகு எல்லாக் கேள்விக்கும் விதியானது: மறுக்கும் வரியில் விரல் வைக்க முடிந்தால் ஃபால்ஸ், வைக்க வரியே இல்லையென்றால் நாட் கிவன்.

இந்த வகைக் கேள்விகளின் விடைகள் பத்தியில் அதே வரிசையில் வரும். தலைப்பு பொருத்தும் கேள்வியில் அந்த வரிசை இருக்காது. அதனால் அதைக் கடைசியில் செய்வது நல்லது. இவர் அதையே முதலில் பிடித்துக்கொண்டு நிற்பார். இந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

ரைட்டிங்: பிரச்சினையின் மையம்

60 நிமிடத்தில் இரண்டு வேலை. டாஸ்க் ஒன் குறைந்தது 150 சொல், வரைபடத்தையோ அட்டவணையையோ விவரிப்பது. டாஸ்க் டூ குறைந்தது 250 சொல், கட்டுரை. இரண்டாவதற்கு மதிப்பு இரட்டிப்பு. இவர் முதலாவதில் 28 நிமிடம் செலவழித்தார். இரண்டாவது கட்டுரை முடிவுரை இல்லாமல் அறுந்து நின்றது. இரண்டு தேர்விலும் இதுவே நடந்ததாக இவரே சொன்னார்.

டாஸ்க் ஒன்னில் இவர் எழுதியது இந்த மாதிரி: ‘இன் 2005, இட் வாஸ் 20 பர்சென்ட். இன் 2010, இட் வாஸ் 25 பர்சென்ட். இன் 2015, இட் வாஸ் 32 பர்சென்ட்.’ ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் 5-ஐத் தாண்டுவது கஷ்டம். மதிப்பீட்டு விவரிப்பிலேயே இது இருக்கிறது: தெளிவான ஓவர்வியூ (மொத்தப் போக்கின் சுருக்கம்) இல்லாமல் எண்களை இயந்திரம்போல் அடுக்கினால் 5, ஓவர்வியூ இருந்தால் 6, முக்கியப் போக்குகளைத் தெளிவாகக் காட்டினால் 7. வார்டு சார்ட் எழுதிய கை இது. மணிக்கு ஒரு தடவை பிபி, பல்ஸ், டெம்பரேச்சர், விடாமல். ஆனால் ஷிஃப்ட் மாறும்போது அடுத்த சிஸ்டரிடம் அத்தனை எண்ணையும் இவர் ஒப்பிப்பதில்லையே. “நைட் முழுக்க ஸ்டேபிள், விடியக்காலம் மட்டும் பிபி இறங்குச்சு” என்றுதானே சொல்கிறார். ஓவர்வியூ என்பது அந்த ஹேண்டோவர்தான். இப்படிச் சொன்ன அன்றே பாதி வேலை முடிந்தது.

பயிற்சிக்குத் தமிழ் நாளிதழே போதுமானதாக இருந்தது. ஒகேனக்கல் நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கனஅடி, மேட்டூர் அணை 120 அடியில் இத்தனை, கிருஷ்ணகிரி அணை 52 அடியில் இத்தனை என்று மழைக்காலத்தில் தினம் வரும். ஒரு வார எண்களை அட்டவணையாக எழுதி, எண்ணே இல்லாமல் இரண்டு வாக்கியம். முதல் நாள் தமிழில்: “வாரத்தின் முற்பாதியில் நீர்வரத்து ஏறி, பிற்பாதியில் இறங்கியது. கிருஷ்ணகிரி அணை மட்டம் மட்டும் அசையவே இல்லை.” மறுநாள் அதையே ஆங்கிலத்தில். எண்கள் அதற்குப் பிறகுதான், அதுவும் உச்சம், அடி, திடீர் மாற்றம் ஆகிய இடங்களில் மட்டும். இருபது நிமிடத்தில் 170 சொல் என்பது இரண்டு வாரத்தில் கைக்கு வந்தது.

டாஸ்க் டூ அவ்வளவு சுலபமாக மசியவில்லை. மூன்று நோய்கள் ஒன்றாக இருந்தன.

ஒன்று, மனப்பாடம். ‘இன் திஸ் மாடர்ன் எரா’ என்று தொடங்கி, எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் நான்கு வரி முன்னுரை. கோச்சிங் சென்டரில் கொடுத்த டெம்ப்ளேட். மதிப்பிடுபவர்கள் இதே வரிகளை ஆயிரம் தாளில் பார்த்திருப்பார்கள். மனப்பாட வரிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. நாற்பது சொல் தண்டம் என்பதோடு, அதற்கடுத்து வரும் சொந்த வாக்கியம் அதன் பக்கத்தில் இன்னும் மெலிந்து தெரியும். டெம்ப்ளேட் விற்பதை நிறுத்தினாலே இந்த மாவட்டத்தில் பலருக்கு அரை பேண்ட் கூடும் என்பது எங்கள் கணிப்பு.

இரண்டு, கருத்து நெரிசல். நகரங்களில் சொந்த வாகனங்களைக் கட்டுப்படுத்த வேண்டுமா என்ற தலைப்புக்கு இவர் ஏழு காரணம் எழுதினார்: புகை, நெரிசல், விபத்து, பெட்ரோல், சத்தம், உடற்பயிற்சி, செலவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு மார்க் வாங்கிய பழக்கம். இங்கே மார்க் குறிப்புக்கு இல்லை, அதை விரித்ததற்கு. ஏழில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஏன், அதனால் என்ன ஆகும், எங்கே பார்க்கலாம் என்று மூன்று கேள்வி கேட்கச் சொன்னோம். நெரிசல் என்றதற்கு இவரே ஓசூரைக் கொண்டுவந்தார்: ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஒரு கம்பெனி பஸ்ஸில் ஐம்பது பேர் போவதும், அதே ஐம்பது பேர் ஐம்பது பைக்கில் வந்தால் சிப்காட் சாலை என்ன ஆகும் என்பதும். அந்தப் பத்தி 95 சொல் வந்தது. இவர் அதுவரை எழுதிய கட்டுரைகளில் உருப்படியான முதல் பத்தி அதுதான்.

மூன்று, வாக்கியம். தமிழில் ‘காலையில் எழுந்து, குளித்து, பஸ் பிடித்து, வார்டுக்குப் போய், சார்ஜ் எடுத்தேன்’ என்றால் ஐந்து வேலைக்கு ஒரே முற்று. எச்சங்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். இந்தச் சங்கிலியை ஆங்கிலத்தில் காற்புள்ளியால் கோத்தால் பிழை. இவர் வாக்கியங்கள் நாற்பது சொல்லுக்கு ஓடின, நடுவில் மூன்று முழு வாக்கியங்கள் காற்புள்ளியில் தொங்கின. வைத்த விதி: எழுதிய பத்தியில் ஒவ்வொரு வினைச்சொல்லையும் அடிக்கோடிடு, இரண்டு வினைக்கு நடுவே இணைப்புச் சொல்லோ முற்றுப்புள்ளியோ இல்லையென்றால் அங்கே வெட்டு. இதோடு ‘தி’, ‘ஏ’ விடுபடுவது, ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதுவது, ‘ஐ ஆம் ஹேவிங்’ போடுவது ஆகிய மூன்றை மட்டும் கடைசி நான்கு நிமிடத்தில் தேடித் திருத்தச் சொன்னோம். எல்லாப் பிழையையும் தேடச் சொன்னால் எதுவும் கண்ணில் படாது.

இன்னொன்றை யாரும் அதுவரை பார்க்கவே இல்லை: டைப்பிங். இவர் எழுதியது கணினி வழித் தேர்வு. கீபோர்டில் இவருடைய வேகம் நிமிடத்துக்கு 18 சொல். 420 சொல் அடிக்கவே 23 நிமிடம் போய்விடும். யோசிக்க, திட்டமிட, திருத்த எல்லாவற்றுக்கும் மிச்சம் 37. மொபைலில் எவ்வளவு வேகமாக அடித்தாலும் அது இங்கே உதவாது. பழைய கீபோர்டு ஒன்றில் தினம் இருபது நிமிடம் பழகி, பத்தாவது வாரத்தில் 30 சொல் தொட்டார். ஒன்பது நிமிடம் லாபம். திரையில் எழுத்துப்பிழையைச் சிவப்புக்கோடு போட்டுக் காட்டாது என்பதும் இவருக்குப் புதிது. மொபைல் தானாகத் திருத்திக் கொடுத்துக் கொடுத்து, ‘அக்காமடேஷன்’ என்பதில் சி இரண்டு, எம் இரண்டு என்பதும், ‘கவர்ன்மென்ட்’ நடுவே ஒலிக்காத ஒரு என் இருப்பதும் விரலை விட்டுப் போயிருந்தன. இப்படி அறுபது சொல் கொண்ட பட்டியல் ஒன்று. நீள நோட்டிலிருந்து எங்களுக்குப் பயன்பட்டது அதன் காலிப் பக்கங்கள்தான்.

ஸ்பீக்கிங்

11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. உச்சரிப்பில் தமிழ் வாடை இருப்பதற்கு மார்க் போகாது, புரியாமல் போனால்தான் போகும். யூடியூப் பார்த்து வெள்ளைக்காரர் மாதிரி பேச முயல்வதை முதல் நாளே நிறுத்தச் சொன்னோம். திருத்தியது இரண்டே ஒலிப் பழக்கம்: சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ‘உ’, அதாவது பஸ்ஸு, கேட்டு, வொர்க்கு என்பது ஒன்று, இறந்தகால ‘எட்’ ஒலியை விழுங்குவது இன்னொன்று. இரண்டாவது ஒலியாக மட்டும் நிற்பதில்லை. கேட்பவருக்கு அது காலப்பிழையாகவே விழும்.

உள்ளடக்கத்தில் இவர் குறை ரைட்டிங்குக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. டாக்டரிடம் பேசிப் பழகியவர், கேட்டதற்கு மட்டும் பதில். ‘டூ யூ லைக் குக்கிங்?’ என்றால் ‘எஸ்’. முதல் பகுதியில் இரண்டு மூன்று வாக்கியம் சொல்லப் பழக்கினோம். இரண்டாவது பகுதியில் ஒரு நிமிடம் குறிப்பெடுத்து இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். இவருக்கு 50 நொடியில் பேச்சு தீர்ந்துவிடும். குறிப்பில் வாக்கியம் எழுதாமல் ஐந்தாறு சொல் மட்டும், அதில் ஒன்று கட்டாயம் ‘அதற்கு முன்னால் எப்படி இருந்தது’ என்பது. பழசுக்கும் புதுசுக்கும் போய்வந்தால் நேரமும் நிரம்பும், காலங்களும் கலந்து வரும். தினம் ஒன்று போனில் பதிவு செய்து தானே கேட்பது. முதல் வாரம் தன் குரலைக் கேட்கவே கூசியது என்றார். அது எல்லோருக்கும் உள்ளதுதான்.

நடுவில் கெட்டது

ஆறாவது வாரத்தில் பயம் பிடித்து, இரண்டு வாரத்தில் ஆறு முழு மாக் டெஸ்ட் எழுதினார், எதையும் அலசாமல். அதில் நான்கு நைட் டியூட்டி முடிந்து வந்த காலையில். மதிப்பெண் இறங்கியது, இறங்கியதைப் பார்த்து இன்னும் ஒன்று எழுதினார். மாக் டெஸ்ட் தெர்மாமீட்டர் மாதிரி, காய்ச்சலைக் காட்டுமே தவிரக் குறைக்காது. வாரம் ஒன்று, ஆஃப் நாளில் மட்டும், எழுதிய நேரத்துக்குச் சமமான நேரம் அலசல் என்று மாற்றினோம். மற்ற நாட்களில் 75 நிமிடம் போதும். நைட் டியூட்டி வாரத்தில் டைப்பிங்கும் பேசிப் பதிவு செய்வதும் தவிர வேறெதுவும் வேண்டாம். மொத்தம் 14 வாரம்.

பதிவும் தேர்வு நாளும்

பாஸ்போர்ட்தான் அடையாளம், அசல் கையில் இருக்க வேண்டும். பதிவு செய்யும்போது பெயர் அதில் உள்ளபடியே. நம் ஆட்களுக்கு இங்கே ஒரு முடிச்சு உண்டு: சான்றிதழில் இனிஷியல் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. சான்றிதழைப் பார்த்துப் பதிவு செய்தால் தேர்வு நாளில் தகராறு, பின்னால் நர்சிங் பதிவிலும் தகராறு. அரை பேண்டுக்காக ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதும் வசதியும் கணினி வழித் தேர்வில் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளை எல்லா அமைப்பும் ஏற்பதில்லை. பணம் கட்டும் முன், எங்கே கொடுக்கப் போகிறோமோ அந்த அமைப்பின் விதியைப் படித்துவிட வேண்டும்.

தேர்வு பெங்களூரில். முதல் முறை இவர் விடிகாலை கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டியதும் நெரிசலில் மாட்டி, சாப்பிடாமல் ஓடிப் போய் உட்கார்ந்தார். லிசனிங்தான் முதலில் வரும். மூச்சு வாங்கிக்கொண்டே முதல் பத்துக் கேள்வி. சுலபமான பகுதியும் அதுதான். மூன்றாவது முறை முந்தைய நாளே போய் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்.

முடிவு

மூன்றாவது முயற்சி: லிசனிங் 7.5, ரீடிங் 7, ரைட்டிங் 6, ஸ்பீக்கிங் 7. ரைட்டிங்கில் இன்னும் அரை குறை, ஆனால் எதுவும் தரைமட்டத்துக்குக் கீழே போகவில்லை. தாள் சேர்க்கத் தகுந்தது. ஒன்பது வாரம் கழித்து நான்காவது: லிசனிங் 7, ரீடிங் 6.5, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 7. ரைட்டிங் நான்காவதிலிருந்து, ரீடிங் மூன்றாவதிலிருந்து. இரண்டும் சேர்ந்து என்எம்சி கேட்டது நிறைந்தது. நான்காவதில் ரீடிங் ஏன் இறங்கியது என்று கேட்டதற்கு, இரண்டாவது பத்தியில் தலைப்பு பொருத்தும் கேள்வியை முதலில் எடுத்து 27 நிமிடம் அதிலேயே நின்றதாகச் சொன்னார்.